வேஸ்ட் மிஸ் எழுதிய சீட்டு

திண்டிவனத்தில் என்னை வாயடைக்க வைத்த ஆள் இதுவரை ஒருவர்தான். வேஸ்ட் மிஸ். அவருடைய சொந்தப் பெயர் எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. போன கோடை விடுமுறையில் கல்யாண மண்டபத்தில் பிள்ளைகளுக்குக் ‘கழிவில் கலை’ முகாம் நடத்த மரக்காணம் பக்கமிருந்து வந்தார். வந்த அன்றே ஒரு சட்டம் போட்டார்.

“வூட்ல யாராச்சும் தன் வாயால வேஸ்ட்னு சொல்லியிருக்கணும். அதை மட்டும் எடுத்துக்கினு வாங்க. நீங்களா முடிவு பண்ணக் கூடாது.”

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு சீட்டு. பொருள் என்ன, வேஸ்ட் என்று சொன்னது யார். முகாம் முடிந்ததும் சொன்னவரே வந்து கையெழுத்துப் போட்டால் திருப்பித் தருவாராம். எப்படி இருக்கிறது அநியாயம்! எதிர்வீட்டு அம்மா கோபத்தில் சொன்ன ஒரு வார்த்தைக்கு, ஓடிக்கொண்டிருந்த மிக்ஸி முகாமுக்குப் போனது. அந்த வீட்டில் பத்து நாள் சட்னி இல்லை.

மூன்றாம் நாள் பிரவீன் என்ற பொடியன் தன் தாய்மாமனையே இழுத்துக்கொண்டு வந்தான்.

“எங்கம்மா டெய்லி சொல்லுது மிஸ். மாமா வேஸ்ட்டாம்.”

பரீட்சைக்குப் படிக்க முகையூரிலிருந்து வந்து அக்கா வீட்டில் தங்கியிருந்த அந்த மனிதர் லுங்கியும் பனியனுமாக நெளிந்தார். வேறு யாராக இருந்தாலும் சிரித்து அனுப்பியிருப்பார்கள். இந்த அம்மா சீட்டெழுதி பனியனில் குத்திவிட்டார்.

அதுகூடப் போகட்டும். என் மகள் தேன்மொழி விஷயத்தில்தான் எனக்கு ரத்தம் கொதித்தது. கணக்கில் கோட்டை விட்டதிலிருந்து சரியாகப் பேசாமல் கிடந்த பிள்ளை அவள். நாலு பேரோடு பழகட்டும் என்று முகாமில் சேர்த்தால், அங்கேயும் வெறுங்கையோடு ஓரமாக உட்கார்ந்திருக்கிறாள். கடைசி நாள் கண்காட்சியில் இவள் மேஜை மட்டும் காலியாக இருந்தால் பிள்ளை மனசு என்ன ஆகும்? நேரே போய்க் கேட்டேன்.

“அவ எடுத்துக்கினு வந்தத நான் வைக்க மாட்டேன் சார்” என்றார் மிஸ்.

என்ன திமிர்! பிரவீனின் மாமாவையே ஏற்றுக்கொண்டவருக்கு என் பிள்ளை கொண்டுபோனது ஆகாதாம். என்ன கொண்டுபோனாய் என்று மகளிடம் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டாள். கடைக்கு ஓடி ஒரு கட்டு பேப்பர் கப்பும் ஒரு டஜன் தண்ணீர் பாட்டிலும் வாங்கினேன். தண்ணீரைச் செடிக்கு ஊற்றிவிட்டு எல்லாவற்றையும் மிஸ் முன்னால் வைத்தேன்.

“இன்னா சார் இது? கப்பு கவர்கூடப் பிரிக்கல.”

“வேஸ்ட்தாங்க. நானே என் வாயால சொல்றேன்.”

“பேஜார் பண்ணாதீங்க சார். கெளம்புங்க.”

பிள்ளைகள் சிரித்தார்கள். அந்த மாமாவும் சிரித்தார்!

கண்காட்சி அன்று சண்டைக்கென்றே போனேன். மண்டபத்தின் நடுவில் ஆளுயர அய்யனார். சைக்கிள் டியூப் மீசை, பாட்டில் மூடி இடுப்புப்பட்டை, கிழிந்த மீன்வலையில் தலைப்பாகை. ஒரு அம்மா கற்பூரம் கொளுத்தப் போனபோது அய்யனார் தும்மினார். முகையூர் மாமா! காலடியில் அட்டை: ‘செய்தது: தேன்மொழி.’ அவள் பக்கத்தில் நின்று வலையைச் சரிசெய்துகொண்டிருந்தாள், ஓயாமல் பேசியபடி.

எனக்கு நெஞ்சு விம்மியது. ஆனாலும் விடுவேனா?

“மாமா பிரவீனோட பொருளாச்சே. எம்பொண்ணு கொண்டாந்தது எங்க?”

மிஸ் கைப்பையிலிருந்து ஒரு சீட்டை எடுத்துத் தந்தார். என் மகளின் கையெழுத்து.

பொருள்: தேன்மொழி. சொன்னவர்: அப்பா.

மதிப்பெண் அட்டை வந்த அன்று சொன்னது. சொன்னதையே நான் மறந்துவிட்டிருந்தேன்.

“மொத நாளே எழுதிக் குடுத்துச்சு சார். எனக்கு அதை மாட்ட மனசு வர்ல. கையெழுத்துப் போட்டு இட்டுக்கினு போங்க.”

பேனாவை வாங்கினேன். எழுதவில்லை. உதறினேன், அப்போதும் எழுதவில்லை. ‘வேஸ்ட்’ என்று வாய்வரை வந்ததை அப்படியே விழுங்கிவிட்டு, பக்கத்திலிருந்தவரிடம் வேறு பேனா வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

அந்த அம்மா மேல் எனக்கு இன்னும் கோபம்தான். இந்த மே மாதம் மண்டப வாசலில் முதல் ஆளாக நின்று, அவருடைய பையை வாங்கிக்கொண்டு உள்ளே போனது நான்தான்.