புகை நடுவிலிருந்து நமது சிறப்பு நிருபர்

மரியாதைக்குரிய அத்தானுக்கு, மைத்துனன் வணங்கி எழுதுவது. இங்கு நான் நலம். 'இங்கு' என்றால் எங்கே என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்ல மூன்று தடவை முயன்றேன். மூன்று தடவையும் நீங்கள் நடுவில் புகுந்து, "உன்ன மாதிரி உண்டா மாப்பிள்ளை" என்றீர்கள். கேட்கச் சுகமாக இருந்ததால் விட்டுவிட்டேன்.

அத்தான், நான் வெளிநாட்டில் இல்லை. இருந்ததும் இல்லை. எங்கள் செய்தி இணையதள அலுவலகத்தின் மூன்றாவது மாடியில், ஒழுகும் ஏசிக்குக் கீழே வைத்த வாளியின் பக்கத்தில் பதினோரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். வெளிநாட்டுச் செய்தி ஏஜென்சிகள் அனுப்புவதைத் தமிழாக்கி, மேலே ஊர்ப் பெயரையும் 'நமது சிறப்பு நிருபர்' என்பதையும் போடுவது ஆசிரியரின் கட்டளை. அப்படிப் போட்டால்தான் வாசகர் நின்று படிப்பாராம். காலையில் பனிமலை, மதியம் பாலைவனம், மாலையில் எங்கோ ஓட்டு எண்ணும் மண்டபம் என்று ஒரே நாளில் போய்வருவேன். நாற்காலியை விட்டு எழுவது டீக்கு மட்டும். போன செவ்வாய்க்கிழமை உங்கள் மகன் வேலை பார்க்கும் துறைமுகத்தில் தீ என்று இரண்டு வரி வந்தது. ஆசிரியர் 'சாம்பலானதா நகரம்?' என்று தலைப்பு வைத்தார். நான் என் பங்குக்கு 'கண்ணுக்கெட்டிய தூரம் வரை புகை' என்று சேர்த்தேன். புகையைப் பார்த்தது உண்மை. எதிர்க்கட்டிட ஓட்டல் சமையலறைப் புகை.

அப்போதுதான் நீங்கள் அழைத்தீர்கள். "மாப்பிள்ளை, நீ அங்கதான இருக்க? பையன் போன எடுக்கல. ஒரு எட்டு போய்ப் பாத்துடு. உங்க அக்கா காலையிலேருந்து பச்சத்தண்ணி குடிக்கல." அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பாழாய்ப்போன வாய், "பாக்குறேன் அத்தான்" என்றது.

எப்படிப் பார்ப்பது? வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தேன். விளையாட்டுச் செய்தி எழுதும் அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "அந்த ஊர்ல யாருக்காவது போன் பண்ணிக் கேட்டீங்களா சார்?" என்றார். பதினோரு வருஷத்தில் எங்கள் பிரிவில் யாருக்கும் தோன்றாத யோசனை. வரைபடத்தில் பையனின் தெருவைத் தேடி, அங்குள்ள கடைகளுக்கு வரிசையாக அடித்தேன். மருந்துக்கடை எடுக்கவில்லை, முடிதிருத்துபவர் திட்டினார், ரொட்டிக்கடைக்காரி பேசினார். என் ஆங்கிலமும் அவர் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்ததல்ல. ஒல்லி, கண்ணாடி, மாடி வீடு என்றதும் தெரிந்துகொண்டார். நகரம் சாம்பலாகிவிட்டதா என்று கேட்டேன். போனைக் கீழே வைத்துக் கதவைத் திறக்கும் சத்தம் கேட்டது. திரும்பி வந்து, தெருவில் வெயில் அடிக்கிறது, எரிந்தது ஒரு கிடங்குதான், ஆளுக்குச் சேதமில்லை என்றார். பிறகு கடையைச் சாத்திவிட்டு, தானே போய்ப் பையனைக் கூட்டிவந்தார்.

"மாமா, போன் ஆபீஸ்லயே மாட்டிக்கிச்சு. கட்டடத்தப் பூட்டிட்டாங்க. நீங்க எங்கேருந்து பேசுறீங்க?"

"பக்கத்துலதான்டா" என்றேன். உங்களிடமும், "பாத்துட்டேன் அத்தான், நல்லா இருக்கான்" என்றேன். நீங்கள் அழுதீர்கள். நீங்கள் அழுது நான் கேட்டதில்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அன்றே ரொட்டிக்கடைக்காரி சொன்னதை அப்படியே எழுதினேன். தெருவில் வெயில், ஒரு கிடங்கு, அவ்வளவுதான். "இத யாரு சார் படிப்பா?" என்றார் ஆசிரியர். சாம்பலை லட்சம் பேர் படித்திருந்தார்கள். வெயிலைப் பத்தொன்பது பேர். அதில் நான்கு தடவை நானே. அந்த லட்சத்தில் எத்தனை அக்காக்கள் தண்ணீர் குடிக்காமல் உட்கார்ந்திருந்தார்களோ. அவர்களுக்கு ரொட்டிக்கடை நம்பர் கிடையாது.

ஆகவே, பார்க்காத ஊரில் இனி நான் இருக்கப்போவதில்லை. அக்காவிடம் நீங்களே பக்குவமாக உண்மையைச் சொல்லிவிடுங்கள். அவளுக்கு என் அன்பு, உங்களுக்கு என் வணக்கம். வீட்டில் எல்லோரும் நேரத்துக்குச் சாப்பிட்டு, எடுத்த போனில் நல்ல சேதியே கேட்டு வாழ வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
வாளிக்குப் பக்கத்திலிருந்து,
உங்கள் மைத்துனன்

பி.கு.: உறையை ஒட்டும்போது அக்கா போன் செய்தாள். தம்பி தீக்குள் ஓடிப் பையனைப் பார்த்தான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டாளாம். திரும்பும்போது அந்த ஊர்க் கம்பளிச் சால்வை ஒன்று வேண்டுமாம். ஆகவே மேலே கண்டதை அவளிடம் சொல்ல வேண்டாம். ஆபீசுக்குக் கீழேயுள்ள கடையில் ஒரு சால்வை வாங்கி இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று சால்வை ஓரத்துத் துணிச்சீட்டைக் கத்தரிக்கப் போனால், அதில் அந்த ஊர்ப் பெயர்தான் தைத்திருந்தது. அப்படியே விட்டுவிட்டேன். அங்கிருந்து வந்ததாக நான் தருவதில் நிஜமாகவே அங்கிருந்து வந்த முதல் சரக்கு இது.