மரண அறிவித்தல் நானா

நாப்பத்தாறு வயசுல ஒரு வகுப்பு நெறைய ஆளுங்களுக்கு முன்னால எழும்பி நின்னு, "அட்டை ரத்தம் குடிக்கும்"னு ஒரே வரி சொல்லிட்டு உக்காந்த ஆளு நான். தகவல் பேச்சு, ஏழு நிமிஷம் பேசணும். ரிவர்ஸ்டன் பக்கம் தோட்டத்துல பொறந்து, காலம் பூரா அட்டைக்கு ரத்தம் குடுத்தவனுக்குப் படிப்பு எதுக்குன்னு ஒரு திமிர். பாடம் எடுக்குற மேடம் என் மூஞ்சியையே பார்த்துட்டு, "இது அட்டைக்கே தெரியுமே ஐயா. லைப்ரரியில போய்ப் படிச்சுட்டு வாங்க. இன்னும் ஒரே ஒரு தடவைதான்"னாங்க.

உள்ளுக்குள்ள பயம் புடிச்சுருச்சு. நான் தோட்டப் பள்ளிக்கூடத்துல தொண்டர் ஆசிரியர். மாத்தளை காலேஜ்ல சனி, ஞாயிறு நடக்குற இந்த டிப்ளோமா முடிஞ்சாத்தான் வேலை நிரந்தரமாகும். பேச்சுல தவறினா டிப்ளோமா இல்ல.

அப்படித்தான் நானாகிட்ட மாட்டினேன். இந்த மாவட்டத்துல உயிரோட இருக்குறவங்களைவிட செத்தவங்களை நல்லாத் தெரிஞ்ச ஒரே மனுஷன் எங்க டவுன் லைப்ரரியன்தான். சொந்தப் பேரு யாருக்கும் தெரியாது. முஸ்லிம் அண்ணன்மாரை நானான்னுதான் கூப்பிடுவோம்; இவரு எல்லாருக்கும் மரண அறிவித்தல் நானா. காலையில வந்தா ஜன்னலைத் திறக்க மாட்டாரு. தமிழ்ப் பேப்பர், சிங்களப் பேப்பர் ரெண்டுலயும் மரண அறிவித்தல் பக்கத்தை விரிப்பாரு. லைப்ரரி மெம்பர் யாராச்சும் அதுல இருந்தா, கார்டை உருவி சிவப்புப் பேனையால குறுக்க ஒரு கோடு. அப்புறந்தான் பிளேன்டீ.

ஒரு நாள் நாவுல ஊர்ல இருந்து ரிட்டயரான பிரின்சிபல் ஒருத்தர் வந்து தன்னோட கார்டைக் கேட்டாரு.

"நீங்க போன வாரம் மௌத்தாப் போய்ட்டீங்க, சேர்."

"அது அதே பேருல வேற ஆளு. நான் உங்க முன்னாலதானே நிக்கிறேன்."

"நிக்கிறீங்க, எனக்கு வெளங்குது. ரெக்கோர்டுக்கு வெளங்காதே. உயிரோட இருக்கீங்கன்னு கிராம சேவகர்கிட்ட ஒரு கடிதம் வாங்கிட்டு வாங்க."

பாவம், பஸ் ஏறிப் போய் வாங்கிட்டும் வந்தாரு. நானா அதை நிதானமா வாசிச்சுட்டு, "தேதி பழசு சேர். முந்தாநாள் இருந்தீங்கன்னுதான் இதுல இருக்கு"ன்னாரு.

என் முறை வந்துச்சு. அட்டையைப் பத்தி புத்தகம் கேட்டேன்.

"இருந்துச்சு மாஸ்டர். கரையான் தின்னுருச்சு."

"வேற ஏதாச்சும்?"

"கரையானைப் பத்தி ஒண்ணு இருந்துச்சு. அது மழையில நனைஞ்சு போச்சு."

அப்புறம் அலுமாரியில இருந்து பழைய பேப்பர் கட்டு ஒண்ணை இறக்கி வச்சாரு. "மரண அறிவித்தலைப் பத்திப் பேசுங்க. தினமும் வருது. யாரும் பேசினது இல்ல."

"சாவைப் பத்தியா? நான் பாஸ் பண்ண வேணாமா நானா?"

"அட்டையில பாஸ் பண்ணீங்களா?"

கட்டைப் பிரிச்சுட்டு உக்காந்தேன். விரலை நாக்குல தொட்டுப் பக்கம் திருப்பினா, பின்னால இருந்து குரல் வரும். "தொடாதீங்க மாஸ்டர், எலி ஓடின பேப்பர். எலிக்காய்ச்சல்ல போனவங்க அந்தக் கட்டுக்குள்ளயே இருக்காங்க." இப்படியே வகுப்பு விட்ட சனி, ஞாயிறு சாயந்திரமெல்லாம் போச்சு. ஆளு எங்க பொறந்தாரு, எங்க இருந்தாரு, யாரோட மகன், மருமகன் எந்த நாட்டுல. எல்லா அறிவித்தலையும் ஒரே மாதிரிதான் எழுதியிருந்தாங்க.

தேடத் தேட ஒண்ணு உறைச்சுச்சு. எங்க தோட்டத்து ஆளு ஒருத்தர்கூட அந்தப் பக்கத்துல இல்ல. முதல் பக்கத்துல இருந்தாங்க. பஸ் பள்ளத்துல விழுந்தப்ப, மலை சரிஞ்சு லயத்து வீடுங்க பொதைஞ்சப்ப. பேரு இல்லாம, இத்தனை பேருன்னு.

நானாகிட்ட சொன்னேன். கண்ணாடியைக் கழட்டித் தொடைச்சாரு.

"உங்க ஆளுங்க கார்டு எல்லாம் கோடு போடாமத்தான் கெடக்கு மாஸ்டர். இருக்காங்களா போய்ட்டாங்களான்னு எனக்கு யாரு சொல்றது?"

பேச்சு நாள் வந்துச்சு. பார்த்தா, வகுப்புல கடைசி வாங்குல உக்காந்திருக்காரு நானா. எல்லாத்தையும் சொன்னேன். யாரு அறிவித்தல் போடுறாங்க, ஏன் போடுறாங்க, யாருக்கு இல்ல. கடைசியில மாதிரிக்கு ஒண்ணு வாசிச்சேன், எந்தப் பேப்பர்லயும் வராதது. எங்க தோட்டத்துக் கீழ் டிவிஷனைப் பிறப்பிடமாகவும் அதே டிவிஷனை வசிப்பிடமாகவும் கொண்ட, தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டின எங்கப்பா. பேரைச் சொல்றப்ப குரல் இறங்கிருச்சு. அப்படியே உக்காந்துட்டேன்.

மேடம் மார்க் ஷீட்டுல எழுதினாங்க. அப்புறம், "தகவல் இருக்கு. பாஸ்"னாங்க.

வெளிய மழை. நானா பாராட்டுவாருன்னு பல்லைக் காட்டிட்டு நின்னேன். லைப்ரரியைப் பூட்டிட்டு அந்த மனுஷன் யாருக்காகவும் எழும்பி வந்து நான் பார்த்ததே இல்ல. சாவிக்கொத்தையும் சிவப்புப் பேனையையும் ஒரு கையில புடிச்சுட்டு, குடையில பாதியை என் பக்கம் சாய்ச்சாரு.

"அப்பா பேரை மட்டும் ஏன் மாஸ்டர் அவ்வளவு மெதுவா சொன்னீங்க? பின்னால எனக்குக் கேக்கல."