ஊசிக் காக்காவும் நாற்பத்தொரு பெயர்களும்

மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரைக்கும், ஊசிக் காக்காவிடம் ஏச்சு வாங்காமல் தன் வாகனத்துக்கு எழுத்து ஒட்டியவன் ஒருவனும் கிடையாது. காசும் கொடுத்து ஏச்சும் வாங்கிப் போக ஊரில் ஒரு கடை இருந்ததென்றால், அது கல்முனையில் நான் வேலை செய்கிற ஸ்டிக்கர் கடைதான்.

வேலை இதுதான். நான் கம்ப்யூட்டரில் எழுத்தை அடுக்குவேன். மெஷின் ஸ்டிக்கரில் எழுத்தின் ஓரத்தை மட்டும் கீறிவிடும். எழுத்தைச் சுற்றியும் எழுத்தின் வயிற்றுக்குள்ளும் மிஞ்சுகிற கழிவை ஒருவர் உரித்தெடுக்க வேண்டும். கையகல எழுத்தை எவனும் உரிப்பான். சின்ன எழுத்தில் கழிவோடு எழுத்தும் கூடவே கிளம்பி வந்துவிடும். அதற்குத்தான் காக்கா; மூத்தவர்களை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். தீர்ந்த பேனாக் குழாயில் செருகிய ஒரு தையல் ஊசிதான் அவருடைய ஆயுதம்.

அவர் அந்த ஊசியை எடுத்தால் கடையில் மின்விசிறி நிற்க வேண்டும். சித்திரை வெயிலில் வாடிக்கையாளர்கள் வியர்த்து வழிவார்கள். தும்மல் வந்தவர் றோட்டுக்குப் போய்த் தும்மிவிட்டுத்தான் திரும்பலாம், அதில் முதலாளிக்கும் சலுகை இல்லை. மேசையில் ஒரு மருந்துப் போத்தலில் நெல்லுமணிகள் வைத்திருந்தார். கேட்கிற எழுத்தின் பக்கத்தில் ஒரு மணியை வைத்துப் பார்ப்பார். எழுத்து அதைவிடச் சின்னதென்றால் வேலை இல்லை. அப்படிப்பட்ட எழுத்து ஒட்டினாலும் நிற்காது, இரண்டு கழுவலில் தண்ணீரோடு போய்விடும் என்பார். ஆட்டோவின் பின்கண்ணாடியில் நீண்ட துஆப் பிரார்த்தனை ஒன்றைப் பொடி எழுத்தில் கேட்டவனிடம், "பின்னால வாறவன் இத வாசிக்கணுமெண்டா உன்ட மடியிலதான் வந்து இரிக்கணும்" என்றார். அவன் இரண்டு சொல்லோடு திருப்திப்பட்டுப் போனான்.

எங்கள் ஊர்களின் சங்கதி தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். பள்ளிவாசலுக்கு ஒரு மின்விசிறி கொடுத்தாலும் அதன் இறக்கையில் கொடுத்தவர் பெயர் இருக்க வேண்டும். விசிறி சுழன்றால் பெயர் தெரியவில்லையே என்று, கரண்ட் போகும்வரை அண்ணாந்து காத்திருந்தவர்களை நான் என் கண்ணால் கண்டிருக்கிறேன்.

அப்படிப்பட்ட ஊரில் ஒரு பள்ளிவாசல் நிருவாகம், இறந்தவர்களின் மையத்தைக் கொண்டுபோக ஜனாஸா வண்டி வாங்கியது. கொடுத்தவர்கள் நாற்பத்தொரு பேர். நிருவாகத் தலைவரான ஹாஜியார் பட்டியலோடு வந்தார். பின்கதவில் அவர் பெயர் சாண் உயரத்தில். மற்ற நாற்பது பேரும் கீழே, ஒரு மூலையில்.

காக்கா நெல்லுமணியை வைத்துப் பார்த்தார். மணிதான் பெரிதாக இருந்தது. எல்லாப் பெயரையும் ஒரே அளவில் போட்டால் என்ன என்று கேட்டார். எழுத்து உரிக்கிற ஆள் நிருவாகம் பேச வேண்டாம் என்றார் ஹாஜியார். முதலாளி பல்லை இளித்து ஓம் ஓம் என்று தலையாட்டினார்.

இருவரும் வெளியே போனதும் காக்கா பட்டியலில் ஒரு பெயரில் விரலை வைத்தார். ஆசியா உம்மா, கல்முனைக்குடியில் இடியப்பம் அவித்து விற்பவர்.

"தம்பி, இவட புருசன்ட மையத்த ஆஸ்பத்திரியில இரிந்து நெல்லு லொறியிலதான் கொண்டு வந்த. அந்த ரோசத்துல காதுல கெடந்த தோட்டக் கழட்டிக் குடுத்திரிக்கா. ரெண்டு தரம் வண்டியக் கழுவினா இவட பேர் தண்ணியோட கானுக்குள்ள போயிரும். ஒரே அளவில போடு. வாறத நான் பாத்துக்கிறன்."

போட்டேன். காசு கொடுத்த வரிசைப்படி நாற்பத்தொன்றும் ஒரே அளவு. காக்கா மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் உரித்தார்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்து வண்டியின் துணியை விலக்கினார்கள். சனம் முண்டியடித்துத் தன் தன் பெயரைத் தேடிப் பிடித்தது. ஹாஜியாரும் தேடினார். மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு தேடினார். ஆசியா உம்மாவுக்கும் ஒரு மீன் வியாபாரிக்கும் நடுவில் தன்னைக் கண்டுபிடித்தபோது அவர் முகம் போன போக்கை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சிரிப்பு வரும். மறுநாள் காலை நடந்ததை நினைத்தால் அந்தச் சிரிப்பு அதோடு நின்றுவிடும்.

ஹாஜியாரைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, அளவை மாற்றியது யார் என்று முதலாளி கேட்டார்.

"தம்பி சோறு தின்னப் போன நேரம் நான்தான் மாத்தின" என்றார் காக்கா.

கம்ப்யூட்டர் மவுஸைத் தொட்டால் கரண்ட் அடிக்கும் என்று அந்தப் பக்கமே வராத மனிதர் அவர். அது முதலாளிக்கும் தெரியும். ஆனால் என்னை அனுப்பினால் மெஷின் படுத்துவிடும். காக்காவை அனுப்பினால் ஓர் ஊசிதான் போகும். வாய் திறக்க வேண்டியவன் நான். வீட்டில் இரண்டு பிள்ளைகள், வாடகை, பால்மா எல்லாம் வந்து என் வாயை அடைத்தன என்று பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. நான் பயந்தாங்கொள்ளி. காக்கா பேனாக் குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு ஸலாம் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

ஹாஜியார் கேட்டபடியே எல்லாம் மறுபடி வெட்டப்பட்டது. பொடிப் பெயர்களை நானே உரித்தேன். பாதி என் நகத்தில் ஒட்டி வந்தன. மிச்சத்தைத் தண்ணீர் கொண்டுபோனது. சில மாதங்களில் அந்த வண்டியில் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியது, சாண் உயரத்தில்.

ஒரு வருடம் அவர் முகத்தில் விழிக்காமல் சந்து சந்தாகச் சுற்றித் திரிந்தேன். கடைசியில் நோன்புப் பெருநாளன்று மனம் பொறுக்காமல் அவர் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் கிழிந்த மீன்வலை ஒன்றைப் பொத்திக்கொண்டிருந்தார். பெருநாளிலும் வேலையா என்று கேட்க எனக்கு என்ன யோக்கியதை? பிள்ளைகளுக்கு உடுப்பு எடுத்தாயா என்று கேட்டார். வட்டிலப்பம் வந்தது. மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன், கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"அத வுடு. நீ கதைச்சிருந்தா ரெண்டு வீட்டுலயும் அடுப்பு அணைஞ்சிரிக்கும்." வலையின் ஒரு முடிச்சை விரலால் தடவித் தேடினார். "எனக்கு இப்ப கண் தெளிவில்ல தம்பி. ஆசியா உம்மாட பேர் இன்னம் வண்டியில இரிக்கா?"

"ஓம் காக்கா. இரிக்கி."

அவர் சிரித்தார். அந்த மனிதர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

பெருநாள் விடுமுறை முடிந்து கடை திறந்த அன்றே, கழிவென்று ஒதுக்கிய துண்டு ஸ்டிக்கரில் அந்தப் பெயரை வெட்டினேன். வெள்ளிக்கிழமை எல்லாரும் பள்ளிவாசலில் குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருக்கும்போது வண்டியின் பின்கதவில் ஒட்டினேன். சாரதி கண்டான், வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். நிருவாகத்தில் யாரோ சுரண்டி எடுத்தார்கள். நான் மறுபடி ஒட்டினேன். இப்போது ஏழாவது தடவை. குத்பாவை விட்டுவிட்டுச் செய்கிற காரியத்துக்கு நன்மை கிடைக்குமா, பாவம் கிடைக்குமா என்று எனக்குத் தெரியாது. காக்காவிடம் பொய் சொன்னவனாக இருக்க மட்டும் எனக்கு மனம் வரவில்லை.