காலிவாலாவும் என் புதுக்காரின் பெல்ட்டும்

தெற்கு அந்தமானில் சொந்தமாக வண்டி வைத்திருந்து, காலிவாலாவிடம் திட்டு வாங்காத மனிதர் ஒருவரும் கிடையாது. அப்படி ஒருவர் இருப்பதாக யாராவது சொன்னால், அவருடைய வண்டி இன்னும் கப்பலை விட்டு இறங்கவில்லை என்று பொருள்.

இந்தியில் காலி என்றால் வசவு. சிப்பிகாட்டில் பட்டறை வைத்திருக்கும் அந்த மெக்கானிக்குக்கு ஊர் வைத்த பெயர் காலிவாலா. நிஜப் பெயர் அவருடைய ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். மெயின்லேண்டிலிருந்து வரும் தமிழர்கள் அதைத் தமிழ்க் காலியாக எடுத்துக்கொண்டு, வண்டியைக் காலி பண்ணிவிடுவார் போல என்று பயந்து ஒதுங்குவார்கள். அரசாங்க உத்தியோகத்துக்கு வந்த நானும் பதினொரு வருஷம் ஒதுங்கியவன்தான்.

அவருடைய பாட்டனார் ராமநாதபுரத்திலிருந்து வந்தவராம். இவர் தமிழில் ஆரம்பித்து, இந்தியில் உச்சத்துக்குப் போய், மறுபடி தமிழில் வந்து இறங்குவார். வசவெல்லாம் வண்டிக்காரனுக்கு. வண்டியிடம் பேசும்போது குரல் குழைந்துவிடும்.

என் மனைவி வசந்தாவுக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. வாரம் மூன்று நாள் டவுனுக்குப் போய் முட்டியை மடக்கும் பயிற்சி செய்தாக வேண்டும். எங்கள் வீடு இருக்கும் கராச்சர்மாவிலிருந்து பஸ்ஸில் ஏற்ற முடியவில்லை. முதல் படியே அவளுக்கு மலையாக இருந்தது. ஆகவே கார் வாங்கினேன். சீட்டின் பிளாஸ்டிக் உறையைக்கூடக் கிழிக்கவில்லை. வாங்கி நாலே மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சிப்பிகாட்டில் ஆபீஸ் நண்பர் வீட்டுக் கிரகப்பிரவேசம். சாப்பிட்டுவிட்டுத் திரும்பும்போது பானெட்டுக்குள் பளாரென்று யாரோ யாரையோ அறைந்த மாதிரி சத்தம். ஏசி காற்று அனலாக மாறியது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் ஒரு சிவப்பு விளக்கு எரிந்தது.

"என்னங்க சத்தம்?" என்றாள் வசந்தா.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா செவப்பா எரியுது?"

சூட்டைக் காட்டும் முள்ளும் ஏற ஆரம்பித்ததால் நிறுத்தினேன். கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டேன். இனிமையான குரல் ஒன்று, "சென்னையில் எந்த ஏரியா சார்?" என்று கேட்டது. போர்ட் பிளேர் என்றேன். "அது சென்னையிலிருந்து எத்தனை கிலோமீட்டர் சார்? டோயிங் வண்டி அனுப்புகிறோம்." நடுவில் கடல் இருக்கிறது என்று சொன்னேன். குரல் என்னைக் காத்திருக்கச் சொல்லிவிட்டுப் பாட்டுப் போட்டது.

அடுத்து உள்ளூர் சர்வீஸ் சென்டர்க்காரர். வண்டியைப் பார்க்காமலே, "எலி கடிச்சிருக்கும் சார். எலிக்கு வாரன்டி கிடையாது. பெல்ட் கப்பல்ல வரணும். மழை சீசன் வேற. மூணு வாரம் வெச்சுக்குங்க" என்றார்.

போனை வைத்துவிட்டு மதகுச் சுவரில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரி, ஆபீஸ், சமையல், துணி என்று நாலு மாதம் ஓடிய ஓட்டம் மொத்தமும் அந்த மதகில் வந்து காலில் இறங்கியது. அப்போதுதான் வளைவுக்கு அப்பாலிருந்த பட்டறையிலிருந்து ஒரு லுங்கி வேகமாக வந்தது.

"அரே பாகல்! பைத்தியமா நீ? நடுரோட்டுலயா கொழந்தய நிறுத்துவ?"

வசந்தா பதறிப்போய்க் குழந்தையைத் தேடினாள். காலிவாலா சொன்னது காரை.

பானெட்டைத் திறந்து, கையை உள்ளே விட்டு, அறுந்த பெல்ட்டை உருவி மோந்து பார்த்தார். எலி விஷயத்தைச் சொன்னேன்.

"எலியா? எலி கடிச்சா பல்லு தெரியும். இது கருகியிருக்கு, தேக்கோ, நல்லாப் பாரு. ரோலருக்குள்ள பேரிங் ஜாம். ரோலர் சுத்தல, பெல்ட் அதுமேல ஒரசி ஒரசி அறுந்துருக்கு. கீச்சு கீச்சுன்னு கத்தியிருக்குமே?"

"ஒரு வாரமா கத்துச்சுண்ணே. புது வண்டி, பழகப் பழகச் சரியாயிடும்னு நெனச்சேன்."

அதற்கப்புறம் பத்து நிமிஷம் நடந்ததை அப்படியே எழுதினால் பத்திரிகை ஆசிரியர் என் எழுத்தை நிறுத்திவிடுவார். காய்கறிக்காரப் பெங்காலி ஒருவர் சைக்கிளை ஓரங்கட்டிவிட்டு முழுவதையும் கேட்டார். நான் எழுந்திருக்கக்கூட இல்லை. காலிவாலா மூச்சு வாங்க நிறுத்தியபோது சொன்னேன்:

"நாளைக்குப் பத்து மணிக்கு இவளுக்குப் பயிற்சி இருக்குண்ணே. விட்டுவிட்டுப் போனா முட்டி இறுகிடும்னு டாக்டர் சொல்லியிருக்கார்."

காலிவாலா பின்சீட்டில் கிடந்த வாக்கரைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். ஊரில் யாரும் நம்பமாட்டார்கள், மூடிக்கொண்டார்.

"பஹன், வெயில்ல இருக்காத தங்கச்சி. வீட்டுக்குள்ள வந்து உக்காரு" என்று அவளிடம் சொல்லிவிட்டு, "நீ தள்ளு" என்றார் என்னிடம்.

நானும் பெங்காலியும் தள்ளினோம். பட்டறைப் பலாமரத்தில் பழைய பெல்ட்டுகள் சாரைப்பாம்பு மாதிரி தொங்கின. அறுந்த பெல்ட்டை நூல் பிடித்து அளந்து, மரத்தையே ஒரு மணி நேரம் அலசினார். நீளம் சரியாக இருந்த ஒரு வேன் பெல்ட் கிடைத்தது. ஆனால் அதன் உள்பக்கம் நீளவாக்கில் ஏழு வரி. என் காருக்கு ஆறு. பிளேடை எடுத்து, ஒரு சுற்று முழுக்க, ஏழாவது வரியை மட்டும் தோல் சீவுவது போலச் சீவி எடுத்தார். 

பேரிங்தான் இல்லை. ஞாயிற்றுக்கிழமை, கடையும் இல்லை. ஜாமான பேரிங்கின் மேலிருந்த நம்பரை இரண்டு முறை படித்தார். பட்டறைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டுக்குள் போனார். மேஜை இழுபடும் சத்தம். பிறகு அவர் மனைவியின் குரல்.

"ஐயோ, ஃபேனைக் கழட்டுறாரே!"

"இதே நம்பர்டி. சும்மா இரு."

"போன மாசம் மிக்ஸி, இந்த மாசம் ஃபேனு. என்னைய மட்டுந்தான் இன்னும் எதுக்கும் கழட்டல!"

வசந்தா சிரித்தாள். ஆபரேஷனுக்குப் பிறகு அவள் வாய்விட்டுச் சிரித்து நான் கேட்கவில்லை. கழற்றுபவரை விட்டுவிட்டு அந்த அம்மாள் அவளுக்கு டீயும் அவித்த மரவள்ளிக் கிழங்கும் கொண்டுவந்து வைத்தாள்.

நாலு மணிக்குக் கார் உறுமியது. "ஷாபாஷ் பேட்டா" என்று பெற்ற மகனைப் போல பானெட்டைத் தட்டிக் கொடுத்தார். என் பக்கம் திரும்பியதும் முகம் மாறியது. "இது டெம்பரவரி. ஆஸ்பத்திரிக்கு மட்டும் ஓட்டு. அசல் சாமான் வந்ததும் இங்க வா, நான்தான் மாட்டுவேன். வேற எவனாவது கைய வெச்சான், அவ்வளவுதான்."

திங்கட்கிழமை பத்துக்கு ஐந்து நிமிஷம் முன்னாலேயே ஆஸ்பத்திரி வாசலில் நின்றோம். சாயங்காலம் அவர் ஃபேனுக்குப் புதுப் பேரிங் வாங்கிக்கொண்டு போனேன். தப்பான கடையில் வாங்கினேன் என்று அதற்கும் கிடைத்தது.

செவ்வாய்க்கிழமை அவர் யாரும் கூப்பிடாமல் சர்வீஸ் சென்டருக்கே போய்விட்டார். கருகிய பெல்ட்டைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, கண்ணாடிக் கதவைத் தள்ளி, "எங்கடா அந்த எலி? கூப்பிடு, நான் பேசணும்" என்றாராம். அரை மணி நேரத்தில் வாரன்டி ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த அரை மணி நேரத்தில் கார் வாங்க வந்திருந்த ஒரு குடும்பம் வாங்காமல் போய்விட்டது என்பார்கள். ஊர்க்காரர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள்.

கடல் கொந்தளிப்பு, கப்பல் ரத்து என்று மூன்று வாரம் ஏழு வாரமானது. வசந்தா வாக்கரை விட்டுக் கைத்தடிக்கு வந்துவிட்டாள். அவ்வப்போது ஞாயிற்றுக்கிழமையில், வண்டியைக் காட்டுகிற சாக்கில் சிப்பிகாட்டுக்குப் போவோம். பெண்கள் இருவரும் உள்ளே பேசிக்கொண்டிருப்பார்கள். அவர் பானெட்டுக்குள் காதை வைத்துக் கேட்டுவிட்டு என்னைத் திட்டுவார். டயரில் காற்று குறைவு, கண்ணாடியில் தூசி, சட்டையில் பொத்தான் இல்லை, எல்லாவற்றுக்கும்.

எட்டாவது வாரம் அசல் சாமான் வந்துசேர்ந்தது. வாங்கி டிக்கியில் வைத்தேன். அந்த ஞாயிறு பட்டறை வாசலில் இறங்கியதும் அவர் கேட்டார்: "சாமான் வந்துச்சா?"

"இன்னும் வரலண்ணே."

கப்பலை, கடலை, கம்பெனியை, கடைசியில் என்னை என்று வரிசையாகத் திட்டித் தீர்த்தார். உள்ளே போகும் வழியில் வசந்தா டிக்கியையும் என்னையும் ஒரு பார்வை பார்த்தாள். வந்துவிட்டது என்று சொன்னால் அரை மணியில் மாட்டிவிடுவார். அப்புறம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்ன சொல்லிக்கொண்டு அங்கே போவது?