ஜீரோ ஃபோர் ஜீரோவும் மூணாம் இன்ஜினும்

சாமிக்கு எண்ணெயை எந்த இடத்தில் ஊற்ற வேண்டும் என்று திருத்தம் சொன்ன ஒரே மனிதர், எனக்குத் தெரிந்து, எங்கள் ஜீரோ ஃபோர் ஜீரோதான். சாமியும் மறுபேச்சில்லாமல் கேட்டுக்கொண்டது.

பீளமேட்டில் நான் குப்பை கொட்டிய பம்ப் கம்பெனியில் அவர் ஸ்டோர் இன்சார்ஜ். உண்மைப் பெயர் வருகைப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும். பட்டப்பெயருக்குக் காரணம் அவரேதான். நீராவி இன்ஜின்களை முன்சக்கரம், இழுக்கும் சக்கரம், பின்சக்கரம் என்று எண்ணி வகை பிரிப்பார்களாம். முன்னாலும் பின்னாலும் ஒன்றுமில்லாமல் நடுவில் நாலே நாலு இருந்தால் ஜீரோ ஃபோர் ஜீரோ. குவாரிகளில் கல் இழுத்த குட்டி இன்ஜின்களில் பாதிக்கு மேல் இந்த வகைதான். தண்ணீர்த் தொட்டியைக் குதிரைச் சேணம் போல முதுகிலேயே சுமந்துகொண்டு, எந்த வளைவிலும் புகுந்து வந்துவிடும். இதை அவர் சொல்லத் தொடங்கினால் கேன்டீனில் நம் டீ ஆறி, ஆடை கட்டி, டம்ளரை வாங்க ஆள் வந்துவிடும்.

மனிதர்களையும் அவர் இன்ஜின் கணக்கில்தான் பார்ப்பார். எங்கள் மேனேஜர் எப்படி என்று ஒரு தடவை வாயைக் கிளறினேன்.

“அவரு வெறும் விசிலுங்க. பாய்லர் கெடையாது” என்றார், ஸ்டாக் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்காமலே.

இந்தப் பைத்தியம் அப்பா வழியில் வந்தது. சேலத்துப் பக்கம் ஒரு இரும்புக்கல் மலையில், குவாரி ரயிலில் கரி அள்ளிப் போடும் ஃபயர்மேன் அவருடைய அப்பா.

“ஏனுங்க, குவாரி ரயிலுக்கு மேப்பே கெடையாது, தெரியுமுங்களா? கல்லை வெட்ட வெட்ட மலை பின்னால போயிருமுங்க. ஆளுங்க தண்டவாளத்தைப் பேத்துத் தோள்ல வச்சுட்டு அது பின்னாலயே போவாங்க. எங்கப்பன் தெனமும் காலைல ரயிலைத் தேடிக் கண்டுபிடிச்சுத்தான் வேலைக்கே சேருவாருங்க.”

எல்லாரும் சிரிப்போம். அவரும் சிரிப்பார். ஆனால் ஒரே ஒரு இடத்தில் மட்டும் சிரிக்க மாட்டார். அந்தக் குவாரியில் மொத்தம் மூன்று இன்ஜின் என்பார் அப்பா. மூன்றாவதில்தான் தான் கரி போட்டதாகவும், அதன் நம்பர் 1742 என்றும் சாகிற வரைக்கும் சொன்னார். பழைய ரயில்களை ஆராய்கிறவர்கள் தயாரித்த பட்டியலிலோ இரண்டே இன்ஜின், அந்த இரண்டுக்கும் வேறு நம்பர்கள். சொந்தக்காரர்கள் யாராவது புளுகினால், “மூணாம் இன்ஜின் வந்துருச்சுடா” என்று கேலி பேசும் அளவுக்கு ஆகிவிட்டது. அந்தப் பெயரோடுதான் அப்பா போய்ச் சேர்ந்தார்.

மகன் அந்த எண்ணை விடவில்லை. சைக்கிள் பூட்டு, சூட்கேஸ், செல்போன் எல்லாவற்றுக்கும் 1742. ஸ்டோர் பூட்டுக்கும் அதே எண் என்பதால் அந்தப் பூட்டு சும்மா ஒரு மரியாதைக்குத்தான் தொங்கியது.

ரிட்டயர் ஆன பிறகு ஒருநாள் போன் செய்தார். மூச்சு வாங்கியது.

“வெள்ளகோயில் பக்கம் ஒரு சாமியப் பார்த்துப்போட்டு வாரேனுங்க.”

“எந்தச் சாமிங்க?”

“ரயில் கருப்பராயனுங்க. சாமிக்கு நாலு சக்கரம் இருக்குதுங்க!”

மறுநாளே அவரோடு போய்ப் பார்த்தேன். வேப்பமரத்தடியில், உடம்பெல்லாம் வெள்ளி பெயின்ட்டும் நெற்றியில் பட்டை விபூதியுமாக, சாட்சாத் ஒரு நீராவி இன்ஜின். கதை இதுதான். அந்தச் சேலத்துக் குவாரிக்கு லாரி வந்ததும் குட்டி ரயிலை நிறுத்திவிட்டார்கள். அங்கிருந்து ஒரு இன்ஜினை இந்த ஊர் ரைஸ் மில்காரர் வாங்கிவந்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து நிறுத்தி, அதன் ஆவியில் நெல் அவித்தார். மில் போனது, இன்ஜின் நின்றது. அப்புறம் பிரேக் பிடிக்காமல் சரிவில் இறங்கிய லாரி ஒன்று நேராக வந்து இதில் முட்டி நின்றது. டிரைவருக்குச் சிராய்ப்புகூட இல்லை. அவர் அடுத்த அமாவாசைக்குக் கிடாய் வெட்டினார். கோயம்புத்தூரிலிருந்தெல்லாம் லாரிக்காரர்கள் வரத் தொடங்கினார்கள்.

இன்ஜினின் நம்பர் பொறித்த பித்தளைத் தகடு எப்போதோ எடைக்குப் போயிருந்தது. ஆனால் இன்ஜின் செய்த பட்டறை, தன் நம்பரைச் சக்கரங்களை இணைக்கும் இரும்புத் தண்டிலும் அடித்திருக்கும். அந்தத் தண்டின் மேல் இப்போது வருஷக்கணக்கில் பூசிய பெயின்ட், சந்தனம், எண்ணெய்ப் பிசுக்கு. ஜீரோ ஃபோர் ஜீரோ துணியை எடுத்ததும் பூசாரி தடுத்துவிட்டார்.

“சாமி மேல கை வைக்கோணும்னா பூக் கேக்கோணுமுங்க.”

வெள்ளைப் பூவை ஒரு பொட்டலம், செவ்வரளியை ஒரு பொட்டலமாக மடித்துச் சாமி முன்னால் போடுவார்கள். எடுத்ததில் வெள்ளை இருந்தால் உத்தரவு. சிவப்பென்றால் மூன்று மாதம் கழித்துத்தான் மறுபடி கேட்கலாம். அன்று உயிர் தப்பிய அந்த லாரி டிரைவர்தான் எடுத்தார். சிவப்பு.

திரும்பி வரும் பஸ்ஸில் நான் மெதுவாகச் சொன்னேன். “அடுத்த தடவை ரெண்டு பொட்டலத்துலயும் வெள்ளையே வச்சுரலாமுங்க. ஆருக்குத் தெரியப் போகுது?”

என்னை அப்படி ஒரு பார்வை பார்த்தார். “எங்கப்பன் புளுகன் இல்லீன்னு காட்டறதுக்கு நான் புளுகோணுமுங்களா?”



அந்த மூன்று மாதமும் அவர் வாராவாரம் கோயிலுக்குப் போனார். தண்டை ஒரு விரலால்கூடத் தொடவில்லை. ஆனால் பக்தர்கள் புகைபோக்கியில் எண்ணெய் ஊற்றுவதை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை.

“அம்மணி, அங்க ஊத்தாதீங்க! அது பொகை போற வழிங்க. இங்க பாருங்க, அச்சு. இதுக்குத்தான் எண்ணெய் வேணும்.”

அந்த அம்மாள் அச்சில் ஊற்றினார். பின்னால் நின்றவர்களும் ஊற்றினார்கள். மூன்றாவது மாதம் நான் போனபோது பூசாரி மந்திரம் சொல்லிக்கொண்டே, முன் அச்சு, பின் அச்சு, பிஸ்டன் தண்டு என்று வரிசை தவறாமல் அபிஷேகம் செய்துகொண்டிருந்தார். எந்த ஒர்க்‌ஷாப்பிலும் இவ்வளவு ஒழுங்காக ஒரு இன்ஜினைக் கவனித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாவது தடவை பூக் கேட்டார்கள். அதே டிரைவர். பொட்டலத்தைப் பிரித்தார். வெள்ளை. பூசாரியே, “தொடைங்க சாமி” என்று மண்ணெண்ணெய் பாட்டிலை நீட்டினார்.

பனியன் வேஸ்ட் துணியை நனைத்து அவர் துடைக்கத் துடைக்க வெள்ளி போனது, சந்தனம் போனது, கறுப்பாக இரும்பு தெரிந்தது. அதில் ஏதோ பள்ளம் பள்ளமாக. கண்ணாடி முழுக்க எண்ணெய். செல்போனை எடுத்து என்னிடம் நீட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“என்னால முடியாதுங்க. அதுல இருக்கற நம்பரைப் பார்த்து இதுல அடிங்க. தொறக்குதான்னு மட்டும் சொல்லுங்க.”

குனிந்தேன். என் கண்ணும் சரியாக இல்லை. விரலால் தடவித் தடவி ஒவ்வொன்றாக அடித்தேன். ஒன்று. ஏழு. நாலு. கடைசி எண்ணில் பெயின்ட் ஒட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினேன். இரண்டு.

செல்போன் திறந்துகொண்டது.

“தொறந்துருச்சுங்களா?”

“தொறந்துருச்சுங்க.”

அப்படியே கருப்பராயன் முன்னால் மண்ணில் உட்கார்ந்துவிட்டார். “எங்கப்பன் புளுகலீங்க. கேட்டுக்கோங்க எல்லாரும், எங்கப்பன் புளுகலீங்க” என்று அழுதார். விஷயமே தெரியாத லாரிக்காரர்கள் எல்லாரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். நானும் போட்டுக்கொண்டேன்.

அந்த நம்பரைப் போட்டோ எடுத்து ஆராய்ச்சிக்காரர்களுக்கு அனுப்பி, பட்டியலில் மூன்றாம் இன்ஜினைச் சேர்க்க வைத்துவிட்டார். எண் இப்போது ஊருக்கே தெரிந்துவிட்டதால் தன் பூட்டுகளையெல்லாம் மாற்றிவிட்டதாகச் சொன்னார். கோயிலிலிருந்து திரும்பிய அன்று சாயங்காலம் என் செல்போனுக்கு நான் வைத்த 1742 அப்படியேதான் இருக்கிறது. இதை எழுதிய பிறகு நானும் மாற்றத்தான் வேண்டும். மனசு வரவில்லை.