சொல்லப்படக் கூடாத வயது

பெற்றோர் தங்கள் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கக் கூடாது என்று ஒரு சட்டம் வருமானால், அதற்கு முதல் ஆதரவுக் கையெழுத்து என்னுடையதாக இருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நான்கு வருடங்களுக்கு முன் ஜொகூர் பாருவில், ஒரு பெண்கள் ஆங்கிலப் பள்ளியின் அலுவலக அறையில், நான் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால் மணி நேரம் இன்னும் முடிந்தபாடில்லை. இப்போதும் பள்ளியிலிருந்து கடிதம் வந்தால் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுத்தான் உறையைப் பிரிக்கிறேன்.

கூலாய்க்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் நான் கிராணி, ஆபீஸ் குமாஸ்தா. (அப்போதும் கிராணி, இப்போதும் கிராணி. அதற்கு மேலே ஏற எங்கள் தோட்டத்தில் ஏணி கிடையாது.) தோட்டத்தை நடத்தும் வெள்ளைக்காரத் துரை எழுதும் ஆங்கிலக் கடிதங்களைப் படியெடுப்பதும், அவற்றின் சாரத்தை ஆட்களுக்குத் தமிழில் சொல்வதும் என் வேலை. பதினைந்து வருடம் படியெடுத்ததில் எனக்கு ஆங்கிலம் நன்றாக வந்துவிட்டது என்று நம்பிக்கொண்டிருந்தேன். வந்திருந்தது துரையின் ஆங்கிலம்.

துரை எதையும் நேராக எழுத மாட்டார். 'மரத்தை வெட்டு' என்று எழுதினால் அவருடைய கௌரவம் என்னாவது? 'வெட்டப்பட வேண்டிய மரங்கள்', 'சுண்ணாம்பு அடிக்கப்பட வேண்டிய லயத்து வீடுகள்', 'தோட்டத்துக்குள் விடப்படக் கூடாத ஆட்கள்' என்றுதான் எழுதுவார். யார் வெட்டுவது, யார் அடிப்பது என்பது கடிதத்தில் இருக்காது. அது எங்கள் பாடு. காரியம் கெட்டால் யார் கெடுத்தது என்பதும் இருக்காது. இந்த வாக்கியங்களின் மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டாகியிருந்தது.

என் ஒரே மகள் பூரணி அப்போது தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தாள். அவளை ஆங்கிலப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை. ஜொகூர் பாருவில் என் மைத்துனி வீடு இருந்ததால் தங்குவதற்குக் கவலையில்லை. ஆனால் மலேரியாக் காய்ச்சல் அவளுடைய ஒரு வருடத்தைத் தின்றது. 'அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம்' என்ற என் வழக்கம் இன்னொரு வருடத்தைத் தின்றது. விசாரித்தபோது, முதல் வகுப்பில் எட்டு வயதுக்கு மேல் சேர்ப்பதில்லை என்றார்கள். பூரணிக்குப் பத்து முடிந்திருந்தது.

தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரஸ்ஸர் என் நண்பர். அவரிடம் போய்ப் புலம்பினேன்.

"இதுக்கா இவ்வளவு முகத்தைத் தொங்கப் போட்டுக்கிட்டு வந்தீங்க?" என்றார். "எட்டுன்னு சொல்லுங்க. ஊரே குறைச்சுத்தான் சொல்லுது. பொறப்புப் பத்திரம் கேட்டா கரையான் தின்னுடுச்சுன்னு சொல்லிடுங்க. நம்ம ஊர்க் கரையான் எதைத்தான் திங்கல?"

அவரே தம்முடைய கறுப்புக் கோட்டையும் இரவல் கொடுத்தார். திங்கட்கிழமை அவருக்கு அது வேண்டும் என்று மூன்று முறை சொல்லிக் கொடுத்தார்.

பள்ளியில் தலைமையாசிரியை பிள்ளையிடம் ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பாராம். கையில் மூன்று வாரம் இருந்தது. 'பூனை, எலி' என்று சொல்லிக் கொடுக்க எல்லாத் தகப்பனுக்கும் தெரியும். என் மகள் துரையைப் போலப் பேச வேண்டும் என்று தீர்மானித்தேன்.

பாடத்தை ரயில் வண்டியாக்கினேன். "தமிழில் பொருள் கடைசியில் வரும், துவைக்கப்பட வேண்டிய சட்டை. ஆங்கிலத்தில் சட்டைதான் எஞ்சின், அது முன்னால் நிற்கும். அதன் பின்னால் 'விச்' என்ற கொக்கி. ஆளாக இருந்தால் கொக்கி 'ஹூ'. பிறகு 'மஸ்ட்', 'கேன்', 'மே', 'ஷுட்' என்று வேண்டிய பெட்டியை மாட்டு. செய்ய வேண்டுமா, செய்ய முடியுமா, செய்யலாமா என்பதை அந்தப் பெட்டிதான் சொல்லும். கூடாது என்றால் அதை ஒட்டி 'நாட்'. அப்புறம் 'பி'. அப்புறம் வினைச்சொல், அதன் மூன்றாம் வடிவத்தில். யாரால் என்று சொல்ல வேண்டுமானால் 'பை' என்று கடைசிப் பெட்டி. ஆனால் கடைசிப் பெட்டி இல்லாமலும் வண்டி ஓடும்."

பூரணி கெட்டிக்காரி. ஒரே வாரத்தில் வீட்டிலிருந்த பண்டமெல்லாம் ரயிலேறிவிட்டது. மாற்றப்பட வேண்டிய கூரைத் தகரம், சாப்பிடப்படக் கூடிய, ஆனால் திருடப்படக் கூடாத வாழைப்பழம், பிடிக்கப்பட முடியாத கோழி. நான் பூரித்துப் போனேன். அந்தப் பூரிப்பில்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வயதையும் பத்திரத்தையும் பற்றி அவளுக்கு எப்படியும் சொல்லிக் கொடுக்க வேண்டும். அதையே பாடமாக வைத்தால் ஒரே உழைப்பில் இரண்டு வேலை முடியுமே.

அவளுடைய நோட்டில் என் கையாலேயே ஆங்கிலத்தில் எழுதினேன். எட்டு என்பது சொல்லப்பட வேண்டிய வயது. பத்து என்பது சொல்லப்படக் கூடாத வயது. பிறப்புப் பத்திரம் என்பது கண்டுபிடிக்கப்பட முடியாத காகிதம்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மனைவி தனபாக்கியம் இதன் பொருளைக் கேட்டாள். சொன்னேன். முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஏங்க, பொய் சொல்லிக் குடுக்கறதுன்னா தனியா சொல்லிக் குடுங்க. அதை ஏன் பாடத்தோட கலக்குறீங்க? புள்ள பாடம்னா அப்படியே ஒப்பிக்கும்."

"உனக்கு இலக்கணம் தெரியாது" என்றேன்.

"எனக்கு என் புள்ளையத் தெரியும்" என்றாள்.

நேர்காணலன்று காலை ரயிலில் பூரணிக்குக் கடைசியாக இரண்டு புத்திமதிகள் சொன்னேன். எதைக் கேட்டாலும் கொக்கி போட்ட முழு வாக்கியமாகப் பதில் சொல்ல வேண்டும். நிற்கும்போது முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கொள்ள வேண்டும். (எட்டு வயதுக்கு அவள் உயரம் அதிகம். இந்த யோசனையும் என்னுடையதுதான்.)

தலைமையாசிரியை வெள்ளைக்கார அம்மாள். ஒல்லியாக, நரைத்த தலையோடு இருந்தார். நாங்கள் உள்ளே போனதும் பூரணியைத்தான் பார்த்தார்.

"பிள்ளைக்கு முழங்காலில் ஏதும் நோவா?"

"இல்லை அம்மா, மரியாதை" என்றேன். கோட்டுக்குள் வியர்த்தது.

பெயர் கேட்டார். "பூரணி என்பது நான் அழைக்கப்பட வேண்டிய பெயர்" என்றாள் என் மகள், ஒரு பெட்டி தடம் புரளாமல். எப்படி வந்தாய் என்று கேட்டார். "கூலாயில் ஏறப்படக் கூடிய ரயிலில்" என்றாள். அம்மாளின் புருவம் உயர்ந்தது. என் தலையும் உயர்ந்தது. பதினைந்து வருட உழைப்பு வீணாகவில்லை என்று நினைத்தேன்.

"உன் வயது என்ன?"

"எட்டு என்பது சொல்லப்பட வேண்டிய வயது."

எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது. வாக்கியத்தின் அழகில் நின்றது என்று நான் எடுத்துக்கொண்டேன். (தகப்பன் மனசு.) அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, மிகவும் கனிவாகக் கேட்டார்.

"அப்படியா? சொல்லப்படக் கூடாத வயது எது?"

பூரணியின் முகம் மலர்ந்தது. நோட்டில் அடுத்த வரி அதுதானே.

"பத்து என்பது சொல்லப்படக் கூடாத வயது."

"யாரால்?"

குழந்தை ஒரு நொடி யோசித்தது. கடைசிப் பெட்டி நினைவுக்கு வந்துவிட்டது. "என்னாலும் என் அப்பாவாலும்."

நான் இருமினேன். இருமல் எந்தப் பெட்டியிலும் சேரவில்லை.

"பிறப்புப் பத்திரம் கொண்டுவந்திருக்கிறீர்களா?" இந்தக் கேள்வி என்னைப் பார்த்துத்தான் வந்தது. பூரணிதான் முந்திக்கொண்டாள்.

"பிறப்புப் பத்திரம் என்பது கண்டுபிடிக்கப்பட முடியாத காகிதம்."

"அடடா. எங்கெல்லாம் தேடினீர்கள்?"

இதற்கு நோட்டில் வரி இல்லை. அதனால் அவள் தனக்குத் தெரிந்த சாதாரண ஆங்கிலத்தில் சாதாரண உண்மையைச் சொன்னாள். "பச்சைப் பெட்டியில் இருக்கிறது. நேற்றுக்கூட அப்பா எடுத்துப் பார்த்தார்."

எனக்கு நெற்றியிலிருந்து வியர்வை மேசைமேல் சொட்டியது. அம்மாள் அதைப் பார்த்து, வேண்டுமானால் கோட்டைக் கழற்றிக்கொள்ளலாம் என்றார். நான் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விழித்தேன். தகப்பன் தவிப்பதைப் பார்த்து மகள் உதவிக்கு வந்தாள்.

"அது திங்கட்கிழமை டிரஸ்ஸரிடம் திருப்பிக் கொடுக்கப்பட வேண்டிய கோட்டு."

அதை யாரும் கேட்கவே இல்லை.

அம்மாள் விண்ணப்பத்தை மூடினார். "பத்து வயதுப் பிள்ளையை முதல் வகுப்பில் சேர்க்க எனக்கு அதிகாரம் இல்லை" என்றார். மூன்று வாரப் பாடமும், மைத்துனி வீட்டில் ஒதுக்கி வைத்திருந்த கட்டிலும், தனபாக்கியம் தைத்து வைத்திருந்த இரண்டு வெள்ளைக் கவுன்களும் என் கண்முன் வரிசையாக வந்து போயின. பூரணி முழங்காலை இன்னும் மடக்கியபடியே நின்றுகொண்டிருந்தாள்.

மன்னிப்புக் கேட்க எழுந்தேன். எனக்குத் தெரிந்த ஆங்கிலம்தானே வரும்.

"இது தவிர்க்கப்பட்டிருக்க வேண்டிய ஒரு தவறு" என்றேன்.

"யாரால்?" என்றார் அம்மாள்.

மேசைமேல் சொட்டியிருந்த வியர்வையைக் கோட்டுக் கையால் துடைத்தேன்.

"என்னால்" என்றேன். கடைசிப் பெட்டியை நான் என் கையால் மாட்டியது பதினைந்து வருடத்தில் அதுவே முதல் தடவை. "பிள்ளைக்கு ஒன்றும் தெரியாது. பொய் என்னுடையது. அவள் பாடத்தைத்தான் சொன்னாள்."

அம்மாள் என்னை வெளியே காத்திருக்கச் சொன்னார். வராந்தாவில் ஒரு மலாய்ப் பியூன் நின்றார். என்னை மேலும் கீழும் பார்த்து, "பானாஸ், துவான்?" என்று கேட்டார். வெக்கைதான் என்று தலையாட்டினேன். உள்ளே பூரணி எதையோ வாசிக்கும் குரல் கேட்டது. தடுக்கியது, நின்றது, மறுபடி போனது. கதவு திறப்பதற்குள் கோட்டின் ஒரு பொத்தானைத் திருகித் திருகிக் கையோடு எடுத்துவிட்டேன்.

கூப்பிட்டார்கள். வாசிப்பு போதுமாம், மூன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வதாக அம்மாள் சொன்னார். அந்த வகுப்புக்குச் சரியான வயது பத்துதானாம். உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தால் முதலிலேயே கிடைத்திருக்கும். கணக்கில் பின்தங்குவாள், உழைக்க வேண்டும் என்றார். திங்கட்கிழமை பச்சைப் பெட்டியிலிருக்கும் காகிதம் வந்தாக வேண்டும் என்றார். பிறகு ஒரு சீட்டில் ஏதோ எழுதி மடித்து என்னிடம் கொடுத்தார்.

ரயிலில் பிரித்துப் படித்தேன். 'பூரணி, வீட்டில் பாடம் சொல்லிக் கொடுக்கப்படக் கூடாத மாணவி, குறிப்பாக, தகப்பனாரால்.' கடைசி வார்த்தைக்குக் கீழே இரண்டு கோடு.

"அப்பா, நான் ஏதாச்சும் தப்பா சொல்லிட்டனா?"

"இல்லம்மா. ஒரு எழுத்துகூடத் தப்பில்ல."

"அப்புறம் ஏன் அந்தச் சீட்டையே பாத்துக்கிட்டு இருக்கீங்க?"

சீட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். முழங்காலை நீட்டி உட்காரச் சொன்னேன்.

அந்தச் சீட்டு இன்றும் எங்கள் வீட்டுச் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கிறது. ஆங்கிலம் அறியாத தனபாக்கியத்துக்கு அந்த ஒரு வரி மட்டும் மனப்பாடம். வீட்டில் எது உடைந்தாலும், எது காணாமல் போனாலும், "கடைசிப் பெட்டி எங்கே?" என்று கேட்கிறாள். பெரும்பாலும் அந்தப் பெட்டியில் நான்தான் இருக்கிறேன்.

போன மாதம் எனக்குக் காய்ச்சல். டிரஸ்ஸர் வீட்டுக்கே வந்து நாடி பிடித்துப் பார்த்தார். வழக்கம்போல் நோட்டைத் திறந்து, "வயசு?" என்றார். விடுமுறைக்கு வந்திருந்த பூரணி கதவோரம் நின்றிருந்தாள். தனபாக்கியம் கஞ்சிக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"நாற்பத்தாறு" என்றேன்.

டிரஸ்ஸர் எழுதவில்லை. பூரணியைத் திரும்பிப் பார்த்தார். "ஏம்மா, இது சொல்லப்பட வேண்டியதா, சொல்லப்படக் கூடாததா?"

"மாமா, அது எங்கப்பாகிட்ட கேக்கப்படக் கூடாத கேள்வி" என்றாள் அவள்.

"ஜாதகத்தைக் காட்டச் சொல்லுங்க" என்றாள் தனபாக்கியம்.

போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டேன். என்னுடைய ஜாதகத்தை உண்மையிலேயே கரையான் தின்றுவிட்டது. இதை எங்கள் வீட்டில் ஒருவரும் நம்புவதில்லை.