உப்புமூட்டை ஏறிய கம்ப்யூட்டர்

என் மனைவி கஸுயோவின் காரைக் கார் என்று சொல்வதே பாவம். அது நாலு சக்கரம் ஒட்டிய தீப்பெட்டி. வெறும் அறுநூற்று அறுபது சிசி. அதற்கும் ஒரு டர்போ வைத்துக் கொடுத்திருக்கிறார்கள், கொசுவுக்கு மீசை வைத்த மாதிரி. என்னுடையதுதான் கார். இரண்டாயிரம் சிசி, டர்போ, பின்னால் இறக்கை. அதனால் மட்சுமொட்டோ நகரத்தில் எங்கள் வீட்டில் கூரை போட்ட ஒரே கார் இடம் எனக்கு. அவளுடையதற்கு டோஃபு கடைக்கு அப்பால், ஐந்நூறு தப்படி தள்ளி, திறந்த வெளியில் வாடகை இடம். பனிக்காலம் முழுக்கக் காலையில் நடந்து போய்த் தீப்பெட்டியைத் தோண்டி எடுப்பாள். எனக்குப் பாவமாகத்தான் இருக்கும். அவள் நடந்து போவதை ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே மீசோ சூப் குடிப்பேன்.

போன நவம்பரில் ஒரு பெட்டி வாங்கி வந்தேன். உள்ளங்கை அகலம்தான்.

"என்னங்க அது?"

"எஞ்சினுக்கு இன்னொரு கம்ப்யூட்டர். ஏற்கெனவே இருக்கிற பெரிய கம்ப்யூட்டர் முதுகுல இது உப்புமூட்டை ஏறிக்கும்."

"ஊறுகாய் போட ஒரு மூட்டை உப்பு வாங்கிட்டு வாங்கன்னேன். நீங்க உப்புமூட்டையா வாங்கிட்டு வந்திருக்கீங்க?"

"உனக்கெல்லாம் சொன்னா எங்க புரியப்போகுது! டர்போ எவ்வளவு காத்து ஊதுதுன்னு பெரிய கம்ப்யூட்டர் கேட்கும். இது நடுவுல உக்காந்து குறைச்சுச் சொல்லும். அது பதறிப்போய் இன்னும் ஊதுன்னு சொல்லும். வண்டி பறக்கும்."

"அப்போ பொய் சொல்ற பெட்டி."

"பொய் இல்லடி. ட்யூனிங்."

"போன வாரம் ஆபீஸ்ல வேலைன்னு சொல்லிட்டு மெக்கானிக் கடையில உக்காந்திருந்தீங்களே, அதுவும் ட்யூனிங்கா?"

பேச்சை மாற்ற வேண்டியிருந்தது. கப் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி, பெட்டியோடு வந்த விளக்கப் புத்தகத்தை மூடிமேல் வைத்தேன். ஆவி போகாமல் அமுக்க அளவான கனம்.

"அதைப் படிக்கலையா?"

"புத்தகத்தைப் பார்த்து ட்யூன் பண்றவன் பச்சைக் குழந்தை. எஞ்சின் பேசினா என் காதுக்குக் கேட்கும்."

"நான் பேசினாத்தான் கேட்காது."

இரண்டு நாளைக்கு அந்தப் பெட்டியின் பெருமையைத் தவிர நான் வேறு எதுவும் பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் சாதுவாகக் கேட்டாள்.

"ஞாயித்துக்கிழமை மலைமேல வெந்நீர் ஊற்றுக்குக் குளிக்கப் போறோம்ல? தனித்தனியா போவோமா? யார் முதல்ல போறாங்களோ, பனிக்காலம் முடியற வரைக்கும் கூரை இடம் அவங்களுக்கு."

வயிறு வலிக்கச் சிரித்தேன். சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ஓகிஹாரா எட்டிப் பார்த்தார். வாங்க சார் என்று அவரையே சாட்சியாகவும் வைத்துக்கொண்டேன். கொழுப்பு, வேறென்ன?

ஞாயிறு காலை. பனி இன்னும் விழவில்லை, ஆனால் மூச்சு விட்டால் புகையாக வந்தது. கஸுயோ தீப்பெட்டியை என் பக்கத்தில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கினாள்.

"அந்தப் பெட்டியில திருகு இருக்குமே, எத்தனையில வெச்சிருக்கீங்க?"

"மூணு."

"மொத்தம் எத்தனை?"

"ஒன்பது."

"ஓ! பயமா இருந்தா மூணுலயே இருக்கட்டுங்க. ஓகிஹாரா சார்கிட்ட வேணும்னா நான் சொல்லமாட்டேன்."

பயமா? எனக்கா? ஒரே திருகு. ஒன்பது.

முதல் மூன்று வளைவு, அடேயப்பா! முதுகு சீட்டோடு ஒட்டிக்கொண்டது. கண்ணாடியில் தீப்பெட்டி புள்ளியாகி மறைந்தது. நாலாவது வளைவில் 'டொக்' என்று ஒரு சத்தம். ஆரஞ்சு விளக்கு எரிந்தது. மிதித்தேன். முக்கியது. இன்னும் மிதித்தேன். முனகியது. இறக்கை வைத்த கார், என்னை ஒரு சைக்கிள்காரர் தாண்டிப் போகும் வேகத்தில் ஊர்ந்தது. சைக்கிள்காரர் கிழவர் வேறு.

பின்னால் கொசு சத்தம். ஓரமாக ஒதுங்கினேன். தீப்பெட்டி மரியாதையாகத் தாண்டிப் போய், பின்விளக்கு இரண்டையும் இரண்டு தரம் மினுக்கியது. வழி விட்டதற்கு நன்றியாம்! இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி ஒரு நன்றி கேட்டிருப்பேனா? அன்றைக்குக் கிடைத்தது. பற்றிக்கொண்டு வந்தது.

நான் போய்ச் சேர்ந்தபோது அவள் குளித்து முடித்து, கீரை வைத்த ஓயாக்கி ரொட்டியை ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தாள்.

"வண்டிக்கு என்னவோ ஆயிடுச்சு" என்றேன்.

"குளிர்ல காத்து அடர்த்தியாம். திருகு மூணைத் தாண்டினா, டர்போ அளவுக்கு மேல ஊதிடுமாம். பெரிய கம்ப்யூட்டர் பொய்யைக் கண்டுபிடிச்சு வண்டியை அடக்கி வெச்சிடுமாம். முதல் பக்கத்துலயே சிவப்பு எழுத்துல போட்டிருக்கு. நீங்க நூடுல்ஸைத் தின்னு முடிக்கறதுக்குள்ள படிச்சிட்டேன்."

"அடிப்பாவி! தெரிஞ்சும் சொல்லலையா?"

"மூணுலயே இருக்கட்டும்னு நம்ம வாசல்லயே நின்னு சொன்னேனே!"

பந்தயத்துக்கு ஓகிஹாரா வேறு சாட்சி. அன்று சாயங்காலமே என் கார் டோஃபு கடைக்கு அப்பால் போனது.

பதினைந்து நாளில் முதல் பனி கொட்டியது, முழங்கால் உயரத்துக்கு. கஸுயோ கோட்டை மாட்டிக்கொண்டு வந்தாள்.

"மார்க்கெட்டுக்குப் போகணுங்க."

"போயேன். உன் வண்டிதான் கூரைக்கு அடியில ஜம்முனு நிக்குதே."

"இந்தப் பனியில அதை வெளிய எடுக்க மனசே வரலைங்க. உங்களோடதைத் தோண்டி எடுத்துட்டு வாங்க. மண்வெட்டி வாசல்லயே வெச்சிருக்கேன்."